ஒளியில்லா விளக்குப்பூச்சி

தமிழ் பயிலும் யாம் சொல்லைக் கொண்டே பொருளை உணர முயலும் பழக்கம் உடையோம். பெயர் சில வேளை நம்மை ஏமாற்றிவிடும் என்பதற்குத் தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் விளக்குப்பூச்சி தக்க சான்றாகும். இதன் அறிவியற் பெயர் புல்கோரா லாட்டர்நேரியா என்பது. பின்னைய சொல் விளக்கைக் குறிக்கும் இலத்தீன் மொழியினின்று பிறந்தது. யாமும் இஃது இருளில் ஒளிரும் பூச்சியென்றே எண்ணியிருந்தோம். ஆயின், இதனிடத்து ஒளி சிறிதும் இல்லை.

இப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது. செருமானிய நாட்டிற் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார், 1699-ஆம் ஆண்டில், தமது ஐம்பத்திரண்டாம் வயதில், மகளை உடனழைத்துக்கொண்டு சூரினாம் சென்று, ஆங்குள்ள பூச்சிகளின் வாழ்க்கையை நேரிற் கண்டு வரைந்தார். 1705-இல் அவர் வெளியிட்ட நூல் இப்பூச்சியின் தலை இரவில் ஒளி வீசும் எனக் கூறிற்று. 1758-இல் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு அக்கூற்றுக்கு இசையவே பெயரிட்டார். பின்வந்த ஆராய்ச்சியாளர் அவ்வொளி உண்மையன்றெனத் துணிந்தனர். பெயரோ மாறாது நிலைத்துவிட்டது.

இனி, இதனை இனங்காணும் வகை கூறுவோம். முதலில் நோக்கத்தக்கது தலை. கண்களுக்கு முன்னே அது தோலுரிக்காத நிலக்கடலை போலப் பருத்து நீண்டிருக்கும், உள்ளே உட்கூடு. பக்கங்களிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் முதலையின் பல்வரிசையையும் கண்ணையும் நினைப்பூட்டும். மெய்க்கண்களோ அதன் பின்னே சிறியனவாய் அமைந்துள்ளன. உடலின் நீளம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். முன்சிறகுகள் மரப்பட்டையின் நிறத்தன. ஆதலின், மரத்தில் அமர்ந்திருக்கும்போது காண்டல் அரிது. அச்சுறுத்தப்படின் சிறகை விரிக்கும். அப்போது பின்சிறகு ஒவ்வொன்றிலும் ஆந்தைக்கண் போன்ற பெருவட்டம் தோன்றும். நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இக்குடும்பத்துப் பூச்சிகள் உள. ஆனால், அவற்றின் தலைமுனை மெல்லிய கொம்பு போன்று மேல்நோக்கி நீண்டிருக்கும்.

பிரேசில் நாட்டுச் சிற்றூர்களில், இது தீண்டினால் இறப்பு உறுதியென அஞ்சி, கண்டவிடத்தே கொல்வாரும் உளர். உண்மையில் இதன் வாய் மரச்சாற்றை உறிஞ்சும் குழலேயாம், நஞ்சென்பது கிடையாது. ஒருவர் சொல்லை நம்பி அறிஞர் இல்லாத ஒளியை இதற்கு அளித்தனர். பலர் சொல்லை நம்பி ஊரார் இல்லாத நஞ்சை இதற்கு ஏற்றினர். முன்னையது ஏட்டுப் பிழையாய் நின்றது. பின்னையதோ உயிர்க்கொலையாய் முடிகின்றது. ஆதலின், நண்பர்காள், பெயரைக் கேட்டு அமையாது பொருளையும் அணுகி நோக்குவோமாக.