பிக்கப் வாங்கப் போறீங்களா? ‘ஆன்-ரோடு’ விலையில் எதைக் குறைக்கச் சொல்லலாம், எதை முடியாது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் விடியற்காலையில் காய்கறி இறக்குவது, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து மீன் பெட்டிகளை ஏற்றிச் செல்வது, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சரக்கு எடுப்பது என எல்லாவற்றுக்கும் ஓடுவது பிக்கப் வண்டிதான். மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா, டாடா யோதா என இதில் ரகங்கள் நிறைய. சிறு வியாபாரி ஒருவருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ஷோரூமில் பேச்சு பெரும்பாலும் இரண்டே கேள்விகளில் முடிந்துவிடுகிறது. “ஆன்-ரோடு எவ்வளவு வரும்?”, “மாசம் எவ்வளவு கட்டணும்?” வாங்குபவரின் கையில் இருந்து பணம் நழுவுவது இந்த இரண்டு கேள்விகளில்தான். ஆன்-ரோடு என்பது ஒரே விலை இல்லை, ஏழெட்டுத் தொகைகளின் கூட்டல். அவற்றில் சிலவற்றை அரசு நிர்ணயிக்கிறது, சிலவற்றை டீலர் போடுகிறார். மொத்தத்தை வைத்துப் பேசினால், எது எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரியவே தெரியாது.

முதலில் ஜிஎஸ்டி கணக்கு

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்படியென்றால் விலையும் 10 சதவீதம் குறையுமா? குறையாது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் ஷோரூம் விலை 10,24,000 ரூபாய். புதிய வரியில் 9,44,000 ரூபாய். வித்தியாசம் 80,000 ரூபாய், அதாவது பழைய விலையில் சுமார் 7.8 சதவீதம்.

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் ஒரு லாபம் உண்டு. வரி குறைந்ததால் இறங்கிய தொகையை யாராவது ‘எங்க தள்ளுபடி’ என்று சொன்னால் உடனே பிடித்துவிடலாம். வரிக் குறைப்பு வேறு, டீலர் தரும் தள்ளுபடி வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரைப் போல இல்லாமல், சொந்தத் தொழிலுக்குச் சரக்கு ஏற்ற வாங்கும் வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுக்க சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வரித்தொகைக்கும் சேர்த்து தேய்மானம் காட்டினால் சலுகை கிடைக்காது. பில் போடும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எங்கே பேரம் செல்லாது?

சாலை வரி, பதிவுக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் ஆகியவற்றில் டீலரால் குறைக்க முடியாது. மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையை மத்திய அரசுதான் அறிவிக்கிறது. 7,500 கிலோ வரை மொத்த எடை கொண்ட சரக்கு வண்டிகளுக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அடிப்படைத் தொகை 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கொட்டேஷனில் வேறு எண் இருந்தால், எந்த அறிவிப்பின்படி என்று கேளுங்கள்.

இவற்றைக் குறைக்க முடியாது என்றாலும் சரிபார்க்க முடியும். ‘ஆர்டிஓ செலவு’ என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டிருந்தால் விடாதீர்கள். வரிக்கு எவ்வளவு, கட்டணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பணம் கட்டியதற்கான அரசு ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் உள்ளதைவிட அதிகமாக வசூலித்திருந்தால், அந்தக் கூடுதல் பணம் அரசுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

எங்கே தாராளமாகப் பேசலாம்?

* ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் கட்டணம்: இது அரசுக் கட்டணம் இல்லை. “இது எதுக்கு சார்?” என்று கேட்டாலே பல இடங்களில் தொகை இறங்கும். எடுத்துவிடச் சொல்லவும் தயங்க வேண்டாம்.
* நம்பர் பிளேட்: 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நிறுவனமே தர வேண்டும், அதன் விலையும் வண்டி விலையில் சேர்ந்ததே. தனியாக ஒரு தொகை இருந்தால் கேள்வி கேளுங்கள்.
* காப்பீடு: வண்டிச் சேதத்துக்கான பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியில் இரண்டு கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தைக் குறைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.
* இலவசப் பொருட்கள்: “சீட் கவர், மேட், ஸ்டீரியோ எல்லாம் ஃப்ரீ” என்றால், அதற்குப் பதிலாக பில்லிலேயே தள்ளுபடி கேளுங்கள். பில்லில் விலை குறைந்தால் அதன் மேல் வரும் ஜிஎஸ்டியும் குறையும்.
* தயாரிப்பு மாதம்: விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். போன வருடத் தயாரிப்பு என்றால் நாளைக்கு விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே கணக்கிடுவார்கள். அந்த இழப்புக்கு ஈடாக இன்றைக்கே விலை குறைய வேண்டும்.

லோனில் திரும்பிப் போகும் தள்ளுபடி

வண்டி விலையில் 20,000 ரூபாய் குறைத்துவிட்டு, வட்டியில் அதைவிட அதிகமாக வாங்கிக்கொள்ள முடியும். ‘வெறும் 7 சதவீதம்தான்’ என்று சொன்னால், ஃபிளாட் ரேட்டா, குறையும் இருப்புக்கான வட்டியா என்று கேளுங்கள்.

8 லட்சம் ரூபாய் கடன், 4 வருடம், ஃபிளாட் 7 சதவீதம் என்றால் மொத்த வட்டி 2,24,000 ரூபாய், மாதத் தவணை சுமார் 21,333 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போனாலும், வட்டி மட்டும் கடைசி வரை முழு 8 லட்சத்துக்கே போடப்படுகிறது. வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் குறையும் இருப்பு முறையில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 12.7 சதவீத வட்டி.

இதைக் கண்டுபிடிக்க கால்குலேட்டர் தட்ட வேண்டிய அவசியம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் தரப்படும் புதிய கடன்களுக்கு, எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய மாடல் தேவையா?

“கொஞ்சம் சேர்த்துப் போட்டா பெரிய மாடலே எடுத்துடலாம்” என்பது விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் வசனம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் செலவு சேரும். வண்டியின் எடையையும் சரக்கையும் சேர்த்ததே மொத்த எடை என்பதால், பேலோடை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். லைசென்ஸ் பற்றிய கவலை குறைவு. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும்

1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகும் புதுச்சேரி தமிழ்நாட்டோடு சேராமல் தனி யூனியன் பிரதேசமாகவே இருக்கிறது. அதனால் வாகன வரியும் தனி. இதில் இங்குள்ளவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு.

வசதி இதுதான்: கடலூர், விழுப்புரம் ஷோரூம்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கேயும் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். தற்காலிகப் பதிவோடு வண்டியைக் கொண்டுவந்து புதுச்சேரியில் நிரந்தரப் பதிவு செய்துகொள்ளலாம். கையில் இரண்டு ஊர் விலை இருந்தால் பேச்சே வேற மாதிரி இருக்கும். உள்ளீட்டு வரிச் சலுகை எடுப்பவர்கள் மட்டும், வெளிமாநில பில் ஒத்துவருமா என்று முதலில் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கோட்டக்குப்பத்தைத் தொட்டாலே தமிழ்நாடு. பிஒய்-01 வண்டி சரக்கோடு எல்லை தாண்டினால் அந்த மாநில வரி, எடையைப் பொறுத்து பெர்மிட் என்று கேள்விகள் வரும். தினசரி ஓட்டம் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்து, அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் வரி மிச்சம் என்று நினைத்து புதுச்சேரி முகவரி தேடுவது இதைவிட ஆபத்து. உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 40-வது பிரிவு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். போலி முகவரியில் சொகுசு கார்கள் இங்கே பதிவான விவகாரம் 2017-ல் கேரளாவில் போலீஸ் விசாரணை வரை போனது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எல்லாத் தொகையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிய கொட்டேஷனைத் தேதி, கையெழுத்தோடு வாங்குங்கள். முதலில் வண்டி விலையை முடியுங்கள், பிறகு காப்பீடு, கடைசியில் கடன். “இன்னைக்கே புக் பண்ணினாதான் இந்த ரேட்” என்று சொன்னால், அந்த ரேட்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அடுத்த ஷோரூமையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.