நாரிநோவும் அவசர வைத்தியமும்

வயலிற் குனிந்து நாற்று நடுவோர்க்கும், நாள் முழுதும் மேசையருகே அமர்ந்து எழுதுவோர்க்கும் நாரிநோ பழகிய விருந்தாளி. ஒத்தடம் கொடுத்து, இயன்றவரை நடமாடி வந்தால், பெரும்பாலும் சில வாரங்களுள் அது தணிந்துவிடும். ஆயினும், விடியும்வரை பொறுக்கலாகாத நாரிநோவும் உண்டு. நோவின் கடுமையைக் கொண்டு மட்டும் அதனை அறிந்துவிட இயலாது.

வளர்ந்தோரில் முண்ணாணானது முதலாம் அல்லது இரண்டாம் நாரி முள்ளென்பின் அளவில் முடிந்துவிடுகிறது. அதன் கீழ் நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. குதிரையின் வாலை ஒத்திருப்பதால் அவற்றுக்குக் குதிரைவால் நரம்புகள் என்று பெயர். கால்களோடு சலப்பையும் மலவாயிலும் இவற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. முள்ளென்புகளிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி இந்நரம்புகளை நெரித்தால், தொடைகளின் உட்புறமும் மலவாயிலைச் சூழ்ந்த இடமும் மரத்துப்போகும். சலப்பை நிறைந்திருந்தும் கழிக்கும் உணர்வு எழாது. முயன்றாலும் சலம் இறங்காது. சிலருக்கு மலம் அறியாமலே கழியும். சிலருக்கு இரு கால்களும் வலுவிழக்கும். இவை யாவும் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. ஒன்று புதிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இவற்றை வாய்விட்டுச் சொல்லப் பலர் கூசுவர். "நாரி நோகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வர். கழுவும்போது தொடுவது தெரிகிறதா, சலம் வழமைபோற் போகிறதா என்று வீட்டாரேனும் கேட்டுவிடுதல் நன்று. நெரிவு நீங்கச் சத்திரசிகிச்சை தேவைப்படும். 48 மணித்தியாலங்களுள் என்று பொதுவாகக் கூறுவர். அதனினும் முந்துவதே நலம். பிந்தினால் சலத்தை அடக்கும் ஆற்றல் மீளாமலே போகக்கூடும். நரம்பு நெரிவைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படப்பிடிப்பு எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லாமையால், வேறிடத்துக்கு மாற்றும் நேரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

காய்ச்சலும் நடுக்கமும் கூடிய முதுகுநோ முள்ளந்தண்டிற் கிருமி பற்றியதைக் காட்டலாம். முதியவர்க்கு, சிறப்பாகப் புகைபிடிப்போர்க்கு, வயிற்றிலும் முதுகிலும் திடீரெனக் கடும் நோ எழுந்து, வியர்வையும் மயக்கமும் கூடினால், வயிற்றுப் பெருநாடி வெடித்திருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை.

பனையிலிருந்து விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்குவது இன்னும் பல ஊர்களின் வழக்கம். முறிந்த முள்ளென்பு அசைந்து முண்ணாணைச் சிதைக்க அதுவே போதும். அவரைக் கிடந்தபடியே, தலையும் கழுத்தும் அசையாது வைத்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைத்தல் வேண்டும்.