ஊருக்குத் திரும்பாத விடைகள்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் ராமநாதபுரம் என்றொரு ஊர். ஜிப்மர் மருத்துவமனையின் கிராம சுகாதார மையம் அங்கே இயங்குகிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நூலை மூடிவைத்துவிட்டு மனிதர்களைப் படிக்க வருவது இந்தத் தெருக்களுக்குத்தான். திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள்: "சுகர் மாத்திரை எத்தன வருஷமா போடுறீங்கம்மா? நடுவுல நிறுத்துனது உண்டா?" அந்த அம்மாவும் சொல்வார். நடவுக்குப் போன நாளில் மாத்திரை விட்டுப்போன கதை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் குடித்த பாகற்காய்ச் சாறு, மகன் வாங்கிவர மறந்த மாதம் எல்லாமே வரும். அத்தனையும் தமிழ்.

அந்தப் பேச்சு பிறகு படிவத்தின் கட்டங்களுக்குள் எண்ணாகிறது. எண்கள் அட்டவணையாகின்றன. அட்டவணை ஓர் ஆங்கிலக் கட்டுரையாகி ஏதோ ஓர் ஆய்விதழில் அச்சேறுகிறது. சொன்ன அம்மாவின் கைக்கு அது வருவதில்லை.

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் இந்த நிலையைப் பார்ப்பது இன்னும் வருத்தம் தருகிறது. இது தமிழுக்கு வறண்ட மண்ணே இல்லை. கவிஞர் வாணிதாசன் 1915-இல் பிறந்தது வில்லியனூரில். வாழ்ந்தது பாகூரை அடுத்த சேலியமேட்டில், உழைத்தது பள்ளி ஆசிரியராக. எத்திராசலு என்கிற அரங்கசாமி என்பது அவருடைய இயற்பெயர். பாரதிதாசனிடம் பாடம் கேட்டவர். வயலும் நுணா மரமும் ஏரிக்கரையும் அவர் கவிதையில் வந்து நின்றதால் 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்' என்றார்கள். 'தமிழச்சி', 'கொடிமுல்லை', 'தொடுவானம்' என்று காவியமும் தனிப்பாடலுமாக எழுதியவர், தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றும் தொகுத்தார். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியர் விருது அளித்தது.

கவிஞர் எதற்கு அகராதி தொகுக்க வேண்டும்? பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்தவருக்கு அதற்கான தேவை தினமும் கண்முன் நின்றிருக்கும். அரசின் மொழி ஒன்று, அடுப்படியின் மொழி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே யாராவது பாலம் கட்டியாக வேண்டும்.

அந்தப் பாலத்துக்குப் பாகூரில் இன்னும் பழைய சாட்சி உண்டு. 1879-இல் பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஏட்டின் ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ். அரசன் குலத்தையும் கல்விச்சாலையின் பெருமையையும் பாடும் பகுதி வடமொழியில் அமைந்தது. ஆணை நாட்டாருக்குப் போனதும், அவர்கள் எல்லையை நடந்து பார்த்துக் கல்லும் கள்ளியும் நட்டதும், எந்த ஊர் நிலத்துக்கு எந்தத் திசையில் எது எல்லை என்பதும் தமிழில் எழுதப்பட்டன.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? புகழுரை சபைக்குப் போதும். வரப்பு எங்கே முடிகிறது, வரி யாருக்கு விலக்கு என்பதெல்லாம் வயலில் நிற்பவனுக்குப் புரிந்தாக வேண்டும். புரியாவிட்டால் தானமே செல்லாது. இன்றைய சொல்லில் சொன்னால் பொருளாதார ஆவணம் தமிழில் இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாகூரில் இருந்த இந்தத் தெளிவு நம் ஆய்வுக்கூடங்களுக்கு இன்னும் முழுதாக வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆட்சியையும் அறிவையும் ஊர்மொழியில் சொல்வது சின்ன மொழிகளுக்கு முடியாது என்று நினைப்பவர்கள் மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் மால்டாவைப் பார்க்கலாம். 316 சதுர கிலோமீட்டர், புதுச்சேரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய தேசம். மக்கள் ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டுவார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்திலேயே 9.5 லட்சம் பேர். அரபுக் குடும்பத்தில் பிறந்து லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மால்டிய மொழி, நெடுங்காலம் சந்தைக்கும் சமையலறைக்கும் உரியதாகவே கருதப்பட்டது. படித்தவர்களுக்கு இத்தாலியம், ஆள்பவர்களுக்கு ஆங்கிலம். 1934-இல்தான் அதற்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. 2004-இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஒன்றியத்தின் அலுவல் மொழிகளிலும் ஒன்றானது.

அந்த மொழியை உயர்த்தியவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். தெமி சம்மித் என்ற மருத்துவர், தீவில் பலரைப் படுக்கவைத்த 'மால்டா காய்ச்சல்' ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்பதற்கு 1905-இல் வழி திறந்த ஆராய்ச்சியாளர். ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயின்றித் தெரிந்த ஆடுகளுக்குள்ளும் கிருமி இருப்பதைக் காட்டியவர். அதே மனிதர் தன் தாய்மொழியில் கதைகளும் எழுதினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் ரூசார் பிரிஃபா வந்தார். தோல் மருத்துவர், தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர், மால்டிய மொழியின் மென்மையான கவிஞர்களில் ஒருவர். மாணவராக இருந்தபோதே, 1931-இல், பல்கலைக்கழகத்தில் மால்டிய மொழிக்கென்று ஒரு சங்கத்தைத் தோழரோடு சேர்ந்து தொடங்கினார். பகலில் நோயாளியிடம் பேசிய மொழியில் இரவில் கதையும் கவிதையும் எழுதினார்கள்.

சம்மித்தின் அறிவியல் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. உலகத்தோடு பேச ஒரு மொழி வேண்டும்தான். ஊரோடு பேசுவதை அவர் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கும் விடை எப்போதோ கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அமெரிக்காவின் மசாசூசெட்ஸிலிருந்து 1847-இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, 1860-களில் மேலை மருத்துவத்தையே தமிழில் பயிற்றுவித்தார். உடற்கூற்றைச் சொல்லும் அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று நூல் நூலாகத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றார்கள், அவர்களில் பாதிப் பேர் அளவில் தமிழிலேயே படித்தவர்கள். கலைச்சொல் இல்லை என்று அவர் கைகட்டி உட்காரவில்லை. இருக்கிற சொல்லை எடுத்தார், இல்லாததை ஆக்கினார், ஆக்க முடியாததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினார்.

பொருளாதாரத்தின் கதை புதுச்சேரிக்கு இன்னும் அருகில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். எவ்வளவு நிலம், யாரிடம் கடன், கூலி என்ன, ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்து வரச்சொன்னார். 1918-இல் நூலான அந்த ஆய்வுகளில் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் ஒன்று. 1930-களில் மறுபடியும் ஆராய்ந்தார்கள், 1981-இல் மறுபடியும், 2008-இல் மறுபடியும். ஒரே தமிழ்க் கிராமத்தின் நூறாண்டுப் பொருளாதாரம் இவ்வளவு தொடர்ச்சியாகப் பதிவாகியிருப்பது அபூர்வம். மாணவர்கள் தங்கள் மாமன் மச்சானிடம் தமிழில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதன் பிறகு வந்தவர்களும் அந்த வழியிலேயே போனார்கள்.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய ழான் பிலியோசாவும் ஒரு கண் மருத்துவர்தான். வடமொழியும் தமிழும் கற்று இந்திய மருத்துவத்தின் வரலாற்றை எழுதியவர். ஓலைச்சுவடிகள் காக்கப்படும் அதே நிறுவனத்தில் இன்று கிராமக் கடனைப் பற்றியும் ஆராய்கிறார்கள். 2010-இல் கடலூர், விழுப்புரம் பகுதிகளில் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களிடம் விசாரித்தார்கள். 2016-இல் திரும்பவும் போனார்கள்.

கடனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது என்ன தொலைகிறது என்று பாகூர் உழவரிடம் கேட்டால் தெரியும். கைமாத்து வேறு, வட்டிக்கடன் வேறு. தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பது ஒரு விதம். நகையை அடகு வைப்பது ஒரு விதம். மகளிர் குழுக் கடன், ஏலச்சீட்டு, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வாங்கும் முன்பணம், கல்யாணத்தில் எழுதிய மொய் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மானம், தனி அவமானம் உண்டு. எதைத் திருப்பித் தராவிட்டால் தூக்கம் வராது, எதைத் தள்ளிப்போடலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே கடன் என்ற தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன. நல்ல ஆய்வாளர் இந்த வேறுபாட்டை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு ஒரு சொல் போதும்.

ஆய்வு தமிழில் ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வில்லியனூரே உதாரணம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. தலைமையிடம் வில்லியனூர். ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் கணினியும் கம்பியில்லா இணைப்பும் வைத்தார்கள். ஏம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம். உள்ளூர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் நடத்தினார்கள். நெல் விலை, உர விலை, எந்த மருத்துவர் என்றைக்கு இருப்பார், அரசுத் திட்டத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது என்பதெல்லாம் தமிழில் கணினிக்குள் ஏறின. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பெயரிலேயே மொழிக்கொள்கை இருக்கிறது.

வீராம்பட்டினத்தில் நடந்தது இன்னும் அழகு. அமெரிக்கக் கடற்படை தன் தேவைக்காகக் கணித்து வெளியிட்ட அலை உயரத்தை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, கடலோரத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒரு வல்லரசின் கடலாய்வு, 'இன்னிக்கு அலை இத்தனை அடி' என்ற அறிவிப்பாக, கட்டுமரம் தள்ளப்போகிறவரின் காதில் விழுந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. நிலநடுக்கம், சுனாமி என்று தொலைக்காட்சியில் பார்த்த ஊர்க்காரர் வீட்டுக்குச் சொன்னார். ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள், கடற்கரையை விட்டு ஓடுங்கள் என்று. வீடுகளும் படகுகளும் போயின. ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள்.

எனவே தமிழாக்கம் என்பது அறிஞர்களின் அலங்கார வேலை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. யானைக்கால் நோயை ஒழிக்க, அது பரவும் பகுதிகளில் நோயே இல்லாதவரையும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை விழுங்கச் சொல்கிறோம். எதற்கு என்று அவருக்கு விளங்கவைக்க வேண்டாமா? 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கண்டறிந்தவற்றில் எவ்வளவோ பங்கு, இரவில் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து இரத்தம் கொடுத்தவர்களுக்கு உண்டு. யானைக்கால் கிருமி இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதால் அந்த நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த மாதிரித் தமிழ் என்பதும் பெரிய கேள்வி. மருத்துவ ஆய்வில் சேர்ப்பவருக்கு அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. படிவங்களும் தமிழில் வருகின்றன. ஆனால் 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? 'உங்களுக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்வோம், டாக்டர் விருப்பப்படி இல்லை' என்று எழுதலாமே. இதற்கு அகராதி மட்டும் போதாது, காது வேண்டும். வாணிதாசன் மாதிரி வயல்பேச்சையும் ஏட்டுத்தமிழையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த காது. எழுத்தாளரையும் மருத்துவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் அந்தத் தமிழ் வரும்.

அதனால் புதுச்சேரியின் பல்கலைக்கழகத்துக்கும், மருத்துவக் கல்லூரிகளுக்கும், ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் போனால், கட்டுரை அச்சான பிறகு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு அந்த ஊருக்கே திரும்பி வாருங்கள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஊர் நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருநாள் மாலையில் கோயில் வாசலிலோ ரேஷன் கடை முன்னாலோ ஒருவர் வாசித்துக் காட்டட்டும். ராமநாதபுரத்து அம்மா கேட்பார்: "நான் சொன்னத வச்சு என்னப்பா கண்டுபுடிச்சீங்க?" அவருக்குச் சொல்ல விடை தயாராக இருக்க வேண்டும்.