நாத்தனார் முடிச்சும் 35 எம்.எம். லென்ஸும்

போஸ் இல்லாமல் இயல்பாகப் பிடிக்கும் ‘கேண்டிட்’ போட்டோ எடுப்பவர்கள் ஆசை ஆசையாய்க் காத்திருக்கும் கல்யாணம் எது தெரியுமா? எல்.இ.டி. திரை மின்ன, ட்ரோன் பறக்க நடக்கும் மண்டபக் கல்யாணம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை மாதிரி ஒரு மலைக்கோயிலில், வெள்ளன ஆறு மணி முகூர்த்தத்தில், ஐம்பது அறுபது சொந்தங்கள் மட்டும் நெருக்கியடித்து நிற்கும் கல்யாணம்தான்! விராலிமலையிலேயே அப்படி ஒரு முகூர்த்தத்துக்குக் கேமராக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு நானும் படியேறினேன். படம் எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் ஆல்பம் புரட்டுகிற ருசியே மாறிவிடுகிறது. வாங்க, கூட்டிக்கொண்டு போகிறேன்.

கேமராவுக்கு விருந்து படியிலேயே தொடங்கிவிடுகிறது. இருநூறைத் தாண்டும் படிகள். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண், பின்னால் மாலைப் பெட்டியோடு சித்தி, “இன்னும் எத்தனை படிடா இருக்கு?” என்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட அப்பத்தா. கேமரா இருப்பது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. மூச்சு வாங்குகிறவர்களுக்குப் போஸ் கொடுக்க ஏது தெம்பு? அதனால்தான் போட்டோகிராபர் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடி மேல்படியில் இடம் பிடிக்கிறார். கீழிருந்து ஏறி வரும் முகங்கள் ஒவ்வொன்றாக லென்ஸுக்குள் வந்து விழுகின்றன. பத்மஸ்ரீ விருதை 2022-ல் பெற்ற சதிர் நடனக் கலைஞர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் ஏறி இறங்கி ஆடிய மலை இது. இங்கே படிக்கட்டே ஒரு மேடைதான்!

மயில்களைச் சொல்லாமல் விட முடியுமா? கருவறையில் ஆறுமுகன் மயில் மேல் வள்ளி தெய்வானையோடு வீற்றிருக்கிறார். வெளியே மரத்துக்கு மரம் மயில். மதிலில் ஒன்று ஏறி அகவியது. வாண்டுகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கூட வந்த உதவியாளர் சட்டென்று மயிலைக் குறிபார்க்க, மூத்தவர் கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். வாய் பிளந்து நின்ற ஆறேழு முகங்கள், நடுவில் ஒருத்தி மட்டும் ஜடைநாகத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். அடடா!

மேலே மண்டபத்துக்குள் போனால் வெளிச்சம்தான் பெரிய தலைவலி. கல் தூண்கள் அரையிருட்டில் நிற்கின்றன. குத்துவிளக்கு மஞ்சளாக எரிகிறது, வாசல் வழியே விடியல் நீலமாக எட்டிப் பார்க்கிறது, மூலையில் ஒரு டியூப்லைட் பச்சை பாய்ந்து கிடக்கிறது. முன்னால் நிற்கும் டிரடிஷனல் போட்டோகிராபர் ஃப்ளாஷ் போட்டுக்கொள்ளலாம். எல்லாரும் நிமிர்ந்து நிற்கிற படத்துக்கு அதுதான் சரி. கேண்டிட்காரர் ஃப்ளாஷைத் தொட்டாரோ, கூட்டம் முழுக்க உஷாராகிவிடும். எஃப் 1.4 வரை திறக்கும் 35 எம்.எம். லென்ஸும் ஐ.எஸ்.ஓ. 3200-ம்தான் அவருக்குத் துணை. மிரர்லெஸ் கேமராவில் சத்தமே இல்லாத ஷட்டர் இருக்கிறதே என்று கேட்டேன். டியூப்லைட்டுக்குக் கீழே அதைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுமாம். அதனால் நாயனம் ஓங்கும்போது சத்தமுள்ள ஷட்டர், மந்திரம் தணியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று தாளத்தோடு தாளமாகப் படம் எடுக்கிறார். என்ன ஒரு தந்திரம்!

கருவறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. மண்டபத்தில் எடுப்பதற்கும் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இன்னொரு கட்டுப்பாடு கேண்டிட்காரர்களுக்குப் பெரிய வரம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மண்டபக் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் ஒரு போன் நிற்கும். போன் இல்லாத கை என்ன செய்யும் தெரியுமா? பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடிக்கும், வாயைப் பொத்தும், கண்ணைத் துடைக்கும். படம் எடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்!

இப்போது அந்த நிமிடம். ஐயர் கையை உயர்த்தி, விரலை ஆட்டி, “கெட்டிமேளம்!” என்கிறார். தவில் பொரிகிறது. முன்னால் நிற்கும் கேமராவுக்கு மாப்பிள்ளையின் முகமும் பெண்ணின் குனிந்த தலையும் கிடைக்கும். நம்ம ஆள் எங்கே? முந்தின நிமிடமே மணப்பெண்ணின் முதுகுப் பக்கம் போய் மண்டியிட்டு விட்டார். இந்தப் பக்கம் பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவர் அக்காவோ தங்கையோதான் போடுவார். ஜடையில் தொடுத்த மல்லிகையை ஒரு கை ஒதுக்குகிறது. மஞ்சள் ஈரம் காயாத கயிறு விரலில் வழுக்குகிறது. நாத்தனாரின் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிகின்றன. அவள் போடும் முடிச்சு நழுவ, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்துக் கட்டுகிறாள். மேலிருந்து அட்சதை கொட்டுகிறது. ஷட்டர் வேகத்தை 500-ல் ஒரு பங்குக்கு ஏற்றிவைத்ததால் ஒவ்வொரு அரிசியும் காற்றிலேயே நின்றுவிடுகிறது. மொத்தக் கூட்டமும் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணத்தின் ஆகப்பெரிய காரியம் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது!

முதுகுப் பக்கம் போ என்று எந்தக் கேமராவும் சொல்லித்தராது. சடங்கு தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும். தாய்மாமன் மாலை எப்போது வரும், மெட்டி போடக் குனியும் மாப்பிள்ளையை எந்த மச்சான் கிண்டல் செய்வான், குடத்துக்குள் மோதிரம் தேடும்போது யார் யாருக்கு விட்டுக்கொடுப்பார் என்று உள்ளூர்க் கேமராக்காரர்களுக்கு அத்துப்படி. சின்னக் கல்யாணத்தில் ஒளிந்து எடுக்கவும் முடியாது. முந்தின நாளே வீட்டுக்குப் போய் காபி குடித்து, “சாப்ட்டியா தம்பி?” என்று அம்மாச்சி கேட்கும் அளவுக்கு உறவாகிவிட வேண்டும். அப்புறம் அவர் எங்கே நின்றாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. பெண்ணின் அம்மா தூணோரம் போய் அழுதபோது மட்டும் அவர் கேமராவை இறக்கிக்கொண்டார். எடுக்காமல் விட்ட அந்தப் படத்துக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

புதுக்கோட்டை கேமராவுக்குப் புதுசில்லை. 1858-லேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி இந்த ஊரைப் படம் எடுத்திருக்கிறார். லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்தால்தான் உருவம் பதியும் என்ற காலம். அசைகிற மனிதர் மங்கிக் கரைந்துபோவார், கட்டிடம்தான் ஒழுங்காக நிற்கும். சின்னக் கல்யாணமும் இந்த ஊருக்குப் புதுசில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தார். யானை இல்லை, அம்பாரி இல்லை! பிரிட்டிஷ் அரசு மாலியை மகாராணியாக ஏற்கவில்லை. இருவரும் 1916-லேயே புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். செசில் பீட்டன் போன்ற பெரிய போட்டோகிராபர் பிற்பாடு மாலியை அழகழகாக எடுத்தார். எனக்கோ அந்தப் பதிவாளர் அலுவலகத்தில், கையெழுத்துப் போட்டு நிமிர்ந்த நொடியில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்றுதான் ஏக்கம்.

சின்னக் கல்யாணத்துக்குப் பின்னால் இன்னொரு உள்ளூர் ரகசியமும் உண்டு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து தனியாகவே நடக்கும்; நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, நோட்டில் பேர் எழுதி வாங்குவார்கள். மொய்க்கென்று ஒரு நாள் இருப்பதால் கல்யாணத்தைச் சுருக்கமாக வைக்கவும் மனசு துணிகிறது. 2020 ஊரடங்கில் ஐம்பது பேர்தான் என்ற கட்டுப்பாடு வேறு பழக்கிவிட்டது. கவரோடு வரிசையில் நின்று, கைகொடுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் அவசரம் இல்லாத முகங்கள் எவ்வளவு நிதானமாகச் சிரிக்கின்றன!

கீழே இறங்கியதும் பந்தி. வாயில் சோறு வைக்கும்போது யாரையும் எடுக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். கை பரிமாறுவதை எடுக்கலாம், இலையை மடிப்பதை எடுக்கலாம், மாப்பிள்ளை இலையில் மாமியார் இரண்டாம் முறை பாயசம் ஊற்றுவதை எடுத்தே ஆக வேண்டும். இதற்கிடையில் உதவியாளர் மெமரி கார்டு இரண்டையும் வேறு வேறு பையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் இலையில் உட்காருகிறார்.

சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முதல் பத்துப் படங்கள் வந்துவிட்டன. முடிச்சுப் படத்தைப் பார்த்ததும் நாத்தனார், “அய்யோ, என் கை இப்படியா நடுங்குச்சு?” என்று கத்தினாள். இதைத்தான் பெரிசாக ஃப்ரேம் போட வேண்டும் என்றாள் மணப்பெண். எந்த வீட்டில் மாட்டுவது என்பதில் அடுத்த சண்டை. “கட்டுன கை என்னோடது, எங்க வீட்டுக்குத்தான் வரணும்!” “கழுத்து என்னோடது அண்ணி!”