சீட்டும் முத்திரையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஓர் இரவு முழுவதையும் நுளம்புக்கடியோடு கழித்தவனுக்குத்தான், நுழைவுச்சீட்டில் என்னென்ன அச்சிடப்படவேண்டும் என்ற கேள்வி உறைக்கும். எனக்கு உறைத்தது. தீவுப்பகுதியில் நிகழ்ந்த ஒரு நாடகத்துக்கு நயினாதீவிலிருந்து போயிருந்தேன். சீட்டிலே கட்டணம் இருந்தது, தொடரிலக்கம் இருந்தது, சபையின் முத்திரையும் பளிச்சென்று பதிந்திருந்தது. நேரம் மட்டும் ‘மாலை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது. திரை விலகியபோது கடைசிப் படகு போய்விட்டது.

அம்முத்திரையின் கதை சுவையானது. முதலாம் உலகப் போருக்குப் பணம் தேடிய பிரித்தானிய அரசு 1916இல் களியாட்டங்களுக்கு வரி விதித்தது. வரி செலுத்தியதற்குச் சீட்டில் ஒட்டிய முத்திரையே சான்றாயிற்று. சென்னை மாகாணம் 1939இல் அவ்வழி சென்றது. நம் நாட்டில் 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச்சட்டம் வந்தது. இங்கே வரி உள்ளூராட்சி மன்றத்தைச் சேரும். நாடகம் நடத்துவோர் இலக்கமிட்டு அச்சிட்ட சீட்டுக்களைச் சபைக்குக் கொண்டுசென்று முத்திரை பெறுவர். விற்காதவற்றுக்குப் பின்னர் கணக்குக் காட்டுவர். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனித்தனிப் பிரதேச சபைகள் உண்டாதலால், மேடை எங்கே எழுகிறதோ அங்குள்ள சபையின் வாசலையே நாடவேண்டும்.

ஆக, தொடரிலக்கமும் விலையும் சபைக்கு வேண்டியவை. தொடங்கும் நேரம் எது, நிகழ்ச்சி தடைப்பட்டால் பணம் மீளுமா, பொறுப்பாளர் யார் என்பவை பார்வையாளனுக்கு வேண்டியவை. முத்திரை முன்னவற்றுக்காகப் பிறந்தது. பின்னவற்றை நாம்தான் கேட்கவேண்டும்.

சிலர் கேளாமலே ஒன்றை அச்சிட்டுவிடுவார்கள்: ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது.’ சீட்டின் பொடி எழுத்து வாங்கியவனைக் கட்டுப்படுத்துமா? 1930இல் ஆங்கிலேய நீதிமன்றமொன்று தொம்சன் என்னும் பெண்ணின் வழக்கை விசாரித்தது. உல்லாசப் பயணச் சீட்டில் இரயிலேறி வந்தவள் இறங்கும்போது விழுந்து காயமுற்றாள். நிபந்தனைக்குப் பின்புறம் பார்க்க என்றது சீட்டு. பின்புறமோ நேர அட்டவணையைப் பார் என்றது. அவளுக்கு எழுத்தே தெரியாது! ஆயினும் நிபந்தனை அவளைக் கட்டுப்படுத்தும் என்றே தீர்ப்பாயிற்று. பத்தாண்டு கழித்து, 1940இல், கடற்கரையில் வாடகைக்கு எடுத்த நாற்காலி கிழிந்து விழுந்தவருக்கு வேறு நீதி கிடைத்தது. அவர் கையிலிருந்தது பணம் பெற்றதற்கான துண்டு மட்டுமே, ஒப்பந்தமன்று என்றனர் நீதிபதிகள். இரண்டாவது தீர்ப்பே என் மனத்துக்கு உகந்தது.

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது. கவனக்குறைவால் நேரும் உயிரிழப்புக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எத்துணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் அது செல்லாது. ஆனால் படகு தவறியவனுக்கு அச்சட்டத்தில் என்ன இருக்கிறது?

சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நெடுந்தீவார் ஒரு விழாவுக்கு வருவதென்றால் அது ஒரு நாள் வேலையன்று. படகு ஓடாத நாளில் அவர்தம் சீட்டு மறுநாட் காட்சிக்குச் செல்லுமா? தொடங்கும் மணி, முடியும் மணி, படகு ஓடாவிட்டால் என்ன என்னும் இம்மூன்றையும் முத்திரையிடுமுன் சபைகள் கேட்கலாம். அச்சுக்கூடத்தாருக்கு மேலதிகமாக இரண்டு வரிதான் வேலை.