அங்காடியும் அறிமுகமும்

விற்பான் ஒருவனும் கொள்வான் ஒருவனும் கூடி விலைபேசி முடிக்கும் இடமே அங்காடி என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. இது பிழையன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று. விலை பேசுமுன், ‘இவன் யார்? இவன் சொல்லை நம்பலாமா? இவன் தவறினால் யாரிடம் முறையிடுவது?’ என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தல் வேண்டும். அவ்விடையை விலை தருவதில்லை. உறவும் ஊரும் கோயிலும் குழுவும் அரசுமே தருகின்றன. கார்ல் போலானி 1944இல் ‘பெரும் மாற்றம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நூலில், மக்களின் பொருளியல் வாழ்வு நெடுங்காலம் சமூக உறவுகளுள் பொதிந்தே கிடந்தது என்று காட்டினார். இக்கால வணிகமும் அவ்வுறவுப் பின்னலை விட்டு நீங்கியதன்று என மார்க் கிரானவெட்டர் 1985இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இக்கருத்துக்குத் தமிழ்க் காப்பியம் ஒன்றும் தமிழ் வணிகர் வரலாறும் தரும் விளக்கத்தை ஈண்டு ஆராய்வோம்.

மதுரையில் கோவலன்

சிலப்பதிகாரத்தை ஊழின் கதையாகவும் கற்பின் கதையாகவும் கற்றோர் பலர். அதனை முடிவுபெறாத ஒரு விற்பனையின் கதையாகவும் கற்றல் கூடும். ஊழே காரணம் என்னும் காப்பியக் கொள்கையை இதனால் யாம் மறுத்தோமல்லேம். அவ்வூழ் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதையே நோக்குகின்றோம்.

கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். அந்நகரில் அவன் குடியை அறியாதார் இலர். செல்வத்தைத் தொலைத்த நிலையில் வறுமை தனக்கு நாணம் தருவதாக அவனே கூறுகின்றான். அறிமுகம் உள்ள ஊரில் மதிப்பு உண்டு. அம்மதிப்புக் குறையுங்கால் நாணமும் உண்டு. அந்நாணத்துக்கு அஞ்சி, கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்யக் கருதி மதுரைக்குச் சென்றான். நாணத்தை விட்டு நீங்கியவன் தனக்குரிய சான்றையும் உடன் விட்டு நீங்கினான் என்பதே நாம் கருதத்தக்கது.

மதுரையை அடைந்த கோவலன், அந்நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறியே ஊருக்குள் செல்கின்றான். அறிமுகத்தின் இன்றியமையாமையை அவன் உணர்ந்திருந்தான் என்பது இதனாற் பெறப்படும். கூலக்கடைத் தெருவையும் பொற்கடைத் தெருவையும் மணிகளின் குற்றங் குணம் ஆய்ந்து விற்கும் தெருவையும் அவன் கண்டதாகக் காப்பியம் விரித்துரைக்கின்றது. வணிகர் ஒருவரையேனும் கண்டு பேசியதாகக் கூறவில்லை. பின்னர் மாடலன் என்னும் மறையவன், கோவலன் நிலையை அறிந்தால் மதுரை வணிகர் எதிர்கொண்டு ஏற்பர் என்றும், கதிரவன் மறையுமுன் நகருக்குள் புகுக என்றும் அறிவுறுத்துகின்றான். ஆயினும் அவனும் கண்ணகியும் அடைக்கலம் புகுந்தது ஆயர்மகள் மாதரியின் இல்லத்திலேயே ஆகும். மாதரியின் அன்பிற்கு யாதொரு குறையும் இல்லை. எனினும், சிலம்பு விற்க வந்தவன் யாவன் எனப் பொற்கடைத் தெருவிற் சான்று கூறவல்ல உறவு அதுவன்று.

மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனே அவன் முதன்முதல் வினவிய ஆள். அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்ததை மறைக்க ஒருவனைத் தேடியிருந்த அப்பொற்கொல்லனுக்கு, ஊரில் எவரும் அறியாத கோவலனே பொருத்தமானவன் ஆனான். மணியின் குற்றத்தைக் கண்டறியும் வணிகர் நிறைந்த அந்நகரில், மனிதனின் குற்றமின்மையைக் கூற ஒருவரும் இலர். அரசனும் ஆராயாது ஆணையிட்டான். கண்ணகியின் சிலம்புள் மாணிக்கம், அரசியின் சிலம்புள் முத்து. இச்சான்று தொடக்கம் முதலே சிலம்பினுள் இருந்தது. அதனைக் கேட்பதற்கு உரிய அமைப்புத்தான் இல்லாதொழிந்தது.

சான்றளிக்கும் குழு

நெடுந்தொலைவு சென்று வாணிகம் செய்வார்க்கு இவ்விடர் எங்கும் உண்டு. அதனைக் களையவே வணிகக் குழுக்கள் தோன்றின எனலாம். தாய்லாந்தின் தென்பகுதியில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் வைத்ததைக் கூறுகின்றது. சுமத்திராவின் பாருசுப் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் குழுவினர் 1088இல் பொறித்த கல்வெட்டு, அங்கு வரும் மரக்கலத்தார் செலுத்தவேண்டிய கட்டணத்தை வரையறுக்கின்றது. அயல்நாட்டில் தனியொருவனாக இறங்கியவன், குழுவின் பெயரால் அறியப்பட்டவன் ஆயினான்.

அண்மைக் காலத்து நகரத்தார் வாழ்வில் இவ்வமைப்பை இன்னும் தெளிவாகக் காணலாம். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு நகரத்தாரும் அறியப்படுவர். மணம் நிகழுங்கால் இருவீட்டார் கோயில்களிலிருந்தும் மாலை வருதல் வேண்டும். அதன்பின் அவ்விணை ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படும். சமயவழக்காகத் தோன்றும் இஃது ஒரு பதிவேடும் ஆகும். எவர் எக்குடியினர் என்னும் ஐயத்துக்கு இதில் இடமில்லை.

இவர்கள் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் நடத்திய வட்டிக்கடைகளில் இளைஞன் ஒருவன் ‘பெட்டியடிப் பையனாக’ச் சேர்ந்து, ‘அடுத்தாளாக’ உயர்ந்து, பின் ‘மேலாள்’ ஆவான். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மேலாள் கடல்கடந்து ஏறத்தாழ மூன்றாண்டு அவர் முதலைக் கையாள்வான். அவனைக் காத்தது கணக்கேடு மட்டுமன்று. அவன் பிழை செய்யின் வேறு கடையில் இடம் கிடைப்பது அரிது. வீட்டில் மணவுறவு வாய்ப்பதும் அரிது. பெண்களுக்குத் தந்த சீர்ப்பணமும் உறவினர் கடைகளில் வைப்பாக இடப்பட்டு முதலாயிற்று. இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலிற் கூடித் தமக்குள் வழங்கும் ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தனர். வழிபாடும் உறவும் வட்டி வீதமும் ஓரிடத்திற் கூடின.

உறவின் எல்லை

இவ்வமைப்பின் சிறப்பை மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. உள்ளிருப்பார்க்குத் திறக்கும் கதவு புறத்திருப்பார்க்கு அடைபடுகின்றது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட, நெல் விளைவு பெருகிற்று. உழவர்க்கு முதல் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் பர்மிய உழவரை அறியா. நகரத்தாரை அறிந்து அவர்க்கே கடன் வழங்கின. நகரத்தார் உழவர்க்குக் கடன் வழங்கினர். ஆனால் நகரத்தார் தமக்குள் கொண்ட உறவும் சான்றும் அவ்வுழவரோடு இல்லை. அவ்விடத்தை நிலத்தின் அடைமானமே நிரப்பிற்று.

விலை நன்றாக இருந்தவரை இவ்வேறுபாடு புலப்படவில்லை. 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தபோது கடன் திரும்பவில்லை, நிலங்கள் கைமாறின. முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938அளவில் அது 25 விழுக்காடாயிற்று. பணமாகச் சுழலவேண்டிய முதல் நிலமாக உறைந்தது அவர்க்கும் இடரே ஆயிற்று. நிலம் இழந்தார் மனத்தில் வளர்ந்த பகைமையோ அதனினும் பெரிது. 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது பலர் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948இல் அந்நாடு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றிற்று.

முடிவுரை

கோவலனும் பர்மிய உழவரும் காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்டவர். எனினும், தமக்காகப் பேச ஒருவரும் இல்லாத அங்காடியில் பொருளோடு நின்றவர் என்னும் நிலையில் இருவரும் ஒருவரே. ஒருவர் கையில் சிலம்பு. மற்றவர் கையில் நிலம். பொருளுக்கு விலையுண்டு, அப்பொருளுக்கு உரியவர்க்குச் சான்று இல்லை. உறவு தரும் நம்பிக்கை வலிமை வாய்ந்தது. ஆயின் அது உறவு செல்லும் எல்லைவரையே செல்லும். அதற்கு அப்பாலும் ஒருவர் சொல் கேட்கப்படல் வேண்டுமாயின், எவர் என்று நோக்காது ஆராயும் முறைமன்றமும் சட்டமும் வேண்டும். அறியாதவனுக்கும் நீதி கிடைக்கும் நகரே நல்ல அங்காடிக்கு உரிய நகர் என்பது இவ்வாராய்ச்சியால் நாம் அடையும் முடிபாகும்.