பத்து வெள்ளியும் பங்குச் சீட்டும்



"பங்கு வாங்கலாமா, வாத்தியாரே?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன் பங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். நம் மக்கள் அதை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். பால் வெட்டிய காசைப் போட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டான தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அப்போது அமைச்சராயிருந்தவர் நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். பத்து வெள்ளி என்பது அன்று சில நாள் கூலி. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.

பங்கு என்பது இதுதான். பணத்தைக் கடனாகக் கொடுப்பதில்லை. சொத்தில் ஒரு கூறுக்கு உடைமையாளர் ஆகிறோம். இலாபம் வந்தால் ஈவுத்தொகை உண்டு. நட்டம் வந்தால் அதிலும் நமக்குக் கூறு உண்டு. வங்கிச் சேமிப்பு வேறு. வங்கி முறிந்தாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் திருப்பித் தரும். பங்குக்கு அப்படிக் காப்பு எதுவும் இல்லை.

கூட்டுறவுப் பங்குக்கும் கம்பெனிப் பங்குக்கும் உள்ள வேற்றுமையைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டுறவில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றே. கம்பெனியில் பங்குக்குத்தான் ஓட்டு, ஆளுக்கு அல்ல.

1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் கம்பெனி தொடங்கியபோது ஏறத்தாழ 66,000 பேர் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. அந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் இடம்பெறவே இல்லை. பெயர் எத்தனை பெரிதாயிருந்தாலும், சந்தையில் இல்லாத பங்கை நினைத்த நாளில் விற்க முடியாது. மகள் கல்யாணத்துக்குக் காசு வேண்டுமென்றால், சீட்டை வாங்கிக்கொள்ள ஆளைத் தேட வேண்டும். 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று விலை பேசப்பட்டது. அதற்குள் பங்கு வாங்கிய பலர் காலமாகிவிட்டனர்.

ஆகவே ஆதாயம் எவ்வளவு என்பதற்கு முன், இதை யாரிடம், எங்கே விற்பது என்று கேளுங்கள். புர்சா மலேசியாவில் இடம்பெற்ற பங்கானால், உரிமம் பெற்ற தரகர் வழியாகச் சி.டி.எஸ். கணக்குத் திறந்து 100 பங்காக வாங்கலாம், விற்கலாம். விலை தினமும் ஏறி இறங்கும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்த காசை இதில் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். கடன் வாங்கிப் போடுவது அதைவிடக் கேடு. மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறேன் என்று வீட்டு வாசலுக்கே வருகிறவரை உட்கார வைத்து, உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பங்குப் பத்திர ஆணையம் உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை கைப்பேசியில் அதை நொடியில் தேடித் தந்துவிடும்.

பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய கூட்டுறவுப் பங்குச் சீட்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். பாட்டி உயிரோடிருந்தால் வாரிசாக யார் பெயரை எழுதியிருக்கிறார் என்று சங்கத்தில் விசாரியுங்கள். எழுதாவிட்டால் இப்போதே எழுதச் செய்யுங்கள். காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் சீட்டோடு எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள்.